சுஸுகிகளும் இனிஷியல்களும்

நீலகிரியின் தேவர்சோலைக் கடைவீதியில் காலையில் கொஞ்ச நேரம் நின்றால், ஒரே ஒரு குடும்பப் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அது இந்த ஊர்க்காரர் எவருடையதும் இல்லை. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் வாடகைக் கார்களின் பின்புறத்தில், பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு மேடேறும் ஆம்னிகளில், மெக்கானிக் கடை வாசலில் சாய்ந்து நிற்கும் பழைய பைக்கின் பெட்ரோல் டேங்கில் என்று எங்கும் 'சுஸுகி'. கம்பெனிப் பெயர் என்றே இதைப் பழகிவிட்டோம். ஜப்பானில் ஏறத்தாழ 18 லட்சம் பேருக்கு இது வீட்டுப் பெயர். எண்ணிக்கையில் சாத்தோ என்ற பெயருக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இந்த வீதியில் நடக்கிற மனிதர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள், அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இந்தக் காட்டில் இருந்த பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கெல்லாம் ஒரு பெயர், அதன் முன்னால் ஓர் எழுத்து, பல நேரம் அந்த எழுத்தும் இல்லை. கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு மட்டும் வீட்டுப் பெயர் இருக்கிறது. பெயரில்லாத வீடுகளின் ஊரில், பெயருள்ள ஒரு வீடு வண்டிகளில் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில காலமாக என்னை விடாமல் பிடித்திருப்பது இந்தக் காட்சிதான்.

ஒரு குடும்பப் பெயரை எடுத்து, அதைத் தாங்கிய புகழ்பெற்றவர்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பது ஜப்பானியப் பெயர்களைப் பொறுத்தவரை எளிது. சுஸுகி என்ற தலைப்பின் கீழ் வரிசை நீண்டுகொண்டே போகும். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது பிரதமராக இருந்தவர் கந்தாரோ சுஸுகி. ஜென் பௌத்தத்தை ஆங்கிலத்தில் எழுதி மேற்குலகுக்குக் கொண்டுபோனவர் டி. டி. சுஸுகி. சான் பிரான்சிஸ்கோவில் ஜென் மையம் கண்டவர் ஷுன்ரியூ சுஸுகி. இரண்டு ஜென் ஆசிரியர்களையும் ஒரே ஆள் என்று நினைத்துப் படிப்பவர்கள் தமிழிலும் உண்டு. முதலாமவருக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அவரும் மனைவி பியாட்ரிஸும் அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையில் சேர்ந்தவர்கள். 1924-இல் கியோட்டோவில் அதன் கிளையொன்றைத் தொடங்கினார்கள். குழந்தை தாய்மொழி பழகுவதுபோல வயலினும் பழகலாம் என்று கற்பித்துக் காட்டியவர் ஷினிச்சி சுஸுகி. கரிம வேதியியலில் தன் பெயராலேயே ஒரு வினை வழங்க, 2010-இல் நோபல் பரிசு பெற்றவர் அகிரா சுஸுகி. இவர்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பியுமில்லை, பங்காளியுமில்லை.

உறவே இல்லாத இத்தனை பேருக்கு ஒரே பெயர் வந்த கதை, பெயரைப் பற்றிய கதை என்பதைவிட அரசாங்கத்தைப் பற்றிய கதை. சுஸுகிகளின் மூலவீடு கீ தீபகற்பத்தில் குமானோ வழிபாட்டைச் சேர்ந்த ஒரு பூசாரிக் குடும்பம் என்பது மரபு. அறுவடை முடிந்து வயலில் அடுக்கும் நெற்கதிர்ப் போருக்கு அந்த வட்டாரத்தில் வழங்கிய சொல்லே பெயராயிற்று என்கிறார்கள். குமானோ கோயில்களின் புகழைச் சொல்லிக்கொண்டு கிழக்கே நாடெங்கும் நடந்தவர்களோடு பெயரும் நடந்தது. ஆனாலும் அது பரவலாகப் பதிவேறியது மெய்ஜி ஆட்சியில்தான். அதுவரை அரசு ஏட்டில் குடும்பப் பெயர் எழுதும் உரிமை சாமுராய்களுக்கும் சில மேல்தட்டினருக்கும் மட்டுமே இருந்தது. உழவர்கள் தங்களுக்குள் வீட்டுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாலும் அதை வெளியே சொல்ல முடியாது. 1870-இல் எல்லாரும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அவ்வளவாக யாரும் முன்வரவில்லை. படைக்கு ஆள் எடுக்கவும் வரி வாங்கவும் ஏடு சரியாக இருக்க வேண்டும் என்பதால், 1875 பிப்ரவரி 13-இல் அதையே கட்டாயமாக்கினார்கள். பழைய வீட்டுப் பெயரைத் தூசிதட்டி எடுத்தவர்கள் உண்டு. ஊர்ப் பெரியவரோ கோயில் பூசாரியோ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. இன்று சுஸுகி, தனாகா, யமாதா என்று நாம் கேட்கும் பெயர்களில் ஏராளமானவை அரசு ஏட்டுக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

மிகப் பொதுவான பெயருக்கு ஒரு தொல்லை உண்டு. அது ஆளைக் காட்டாது. பேஸ்பால் ஆட்டக்காரர் இச்சிரோ சுஸுகியைப் பாருங்கள். 1994-இல் அவருடைய அணியின் மேலாளர், சட்டையில் 'சுஸுகி' என்றிருந்ததை எடுத்துவிட்டு 'இச்சிரோ' என்று சொந்தப் பெயரைப் போடச் செய்தார். அந்த ஆண்டே அவர் 210 முறை வெற்றிகரமாகப் பந்தை அடித்து ஜப்பானியச் சாதனை படைத்தார். அமெரிக்காவுக்குப் போன பிறகும் முதுகில் இச்சிரோதான். வீட்டுப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரால் நின்ற ஒரு சுஸுகி. அந்த அளவில் அவர் நம்மூர் வழக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

கார் கம்பெனிக் குடும்பத்தின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. மிச்சியோ சுஸுகி ஹமமாட்சு பக்கத்தில் பருத்தி விளைவித்த ஓர் உழவரின் மகன்; தச்சரிடம் தொழில் பழகியவர். அம்மாவுக்காக ஒரு தறி செய்தார். 1909-இல் அதையே தொழிலாக்கினார். அவர் தொடங்கிய தறிப் பட்டறைதான் பின்னாளில் மோட்டார் கம்பெனியானது. 1982-இல் இந்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு, மறுவருடம் டிசம்பரில் மாருதி 800 வெளிவரக் காரணமாக இருந்த ஒசாமு சுஸுகியைத்தான் நமக்கு நன்றாகத் தெரியும். அவர் பிறக்கும்போது சுஸுகி இல்லை. மட்சுதா என்ற வீட்டில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து, மிச்சியோவின் பேத்தியை மணந்து, அந்த வீட்டுப் பெயரை ஏற்றவர். ஆண் வாரிசு இல்லாத வீடு மருமகனைத் தத்தெடுத்துப் பெயரைக் கொடுப்பது அங்கே பழைய முறை. கம்பெனியின் இரண்டாம் தலைவரான ஷுன்ஸோவும் அப்படி வந்த மருமகன்தான். ஒசாமு 2024 டிசம்பரில் 94 வயதில் மறைந்தார். மறுமாதம் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. தேவர்சோலை மேட்டில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் கார்களின் பெயர், இரத்தவழி தடைப்பட்ட இடத்திலெல்லாம் மருமகன்களின் தோளேறி வந்த பெயர். குடும்பப் பெயர் இரத்தத்தைக் குறிக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அவர்களுக்கு அது வீட்டைக் குறிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் மாறலாம், வீடு நிற்க வேண்டும்.

மெக்கானிக் கடைப் பைக்குக்கு வருகிறேன். அது மேக்ஸ் 100. மலையில் பால்கேன் கட்டவும் பச்சைத்தேயிலை மூட்டை ஏற்றவும் இதைவிடத் தோதான வண்டி அப்போது இல்லை என்று இன்றும் சொல்வார்கள். டேங்கில் சாயம் உரிந்திருந்தாலும் எழுத்து தெரிகிறது: டிவிஎஸ் சுஸுகி. 1980-களின் நடுவிலிருந்து 2001 வரை ஓசூரில் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து வண்டி செய்த காலத்தின் எழுத்து. ஒரே தகரத்தில் இரண்டு பெயர் மரபுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வலப்பக்கம் ஒரு வீட்டின் பெயர். இடப்பக்கம் திருக்குறுங்குடி வெங்காராம் சுந்தரம்; ஊர், அப்பா, ஆள். 1911-இல் நிறுவனம் தொடங்கிய அந்த மனிதரின் பெயருக்குப் பின்னால் 'அய்யங்கார்' என்று ஒன்று உண்டு. மூன்றெழுத்தில் அது ஏறவில்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொழில் முத்திரைகளில் ஒன்று ஓர் இனிஷியல் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரும் அங்கே பிறந்த ஒருவரின் தகப்பனாரும், ஒரு சொல்லும் மாறாமல் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அய்யங்கார் என்ற சொல் ஏறாததை நான் தற்செயலாகச் சொல்லவில்லை. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று எதையாவது கட்டியிருந்தால் அது சாதிப் பெயராகத்தான் இருந்திருக்கும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் அதற்கு முன்பே தன் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை எடுத்துவிட்டிருந்தார். ஜப்பானில் அரசு ஒரே நாளில் எல்லார் பெயரிலும் ஒன்றைச் சேர்த்தது. இங்கே ஓர் இயக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லார் பெயரிலிருந்தும் ஒன்றைக் களைந்தது. நீலகிரியிலும் அது நடந்திருக்கிறது. ஹெச். பி. ஆரி கவுடர் என்ற படகர் தலைவரின் பெயரில் 'ஹெச்' அவருடைய ஊரான ஹுப்பத்தலை, 'பி' தகப்பனார் பெள்ளி கவுடர். 1967-இலும் 1971-இலும் இந்தத் தொகுதி மக்களவைக்கு அனுப்பியவர்கள் நஞ்சா கவுடர், மாதா கவுடர். 1998-இல் போனவர் மாஸ்டர் மாதன். பட்டம் கழன்றுவிட்டது, மாதன் என்ற பெயர் நிற்கிறது.

இந்தக் களைதலுக்கு நான் முழு மனதோடு நன்றி உடையவன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு, வெளிநாட்டு விமான நிலையத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, ஒரு கணம் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற தமிழர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறோம். அது எனக்குத் தொந்தரவாகப் பட்டதே இல்லை. இறந்துபோன மனிதரை அன்னிய ஊரில் ஒருவர் மரியாதையோடு அழைப்பது நல்ல விஷயம்தானே. ஆனால் என் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் என் பெயர் வந்துவிடும். அப்பா ஒரு தலைமுறையோடு ஏட்டிலிருந்து இறங்கிவிடுவார். நம்முடைய முறை சாதியை வெளியே விட்டது. அதோடு தாத்தாவையும் வெளியே விட்டது.

தேவர்சோலையில் அந்த இழப்பு மற்ற ஊர்களைவிடப் பெரிது. அதைச் சொல்வதற்கு இன்னொரு சுஸுகியின் வழியாகத்தான் போக வேண்டும்.

உமெதாரோ சுஸுகி 1874 ஏப்ரலில் ஷிசுவோகா மாநிலத்தில், இன்று மகினோஹாரா என்று வழங்கும் நகராட்சிப் பகுதியில், ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். குடும்பப் பெயர் கட்டாயம் என்ற ஆணை வந்தபோது அவருக்கு வயது பத்து மாதம். டோக்கியோவில் வேளாண் வேதியியல் படித்து, பெர்லினில் எமில் ஃபிஷரிடம் பயின்று திரும்பினார். பெரிபெரி நோய் அப்போது ஜப்பானில் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. காலில் மதமதப்பு, வீக்கம், கடைசியில் இதயம் நின்றுபோகும். 1910-இல் உமெதாரோ அரிசித் தவிட்டிலிருந்து அந்த நோயைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று வைட்டமின் பி1 என்கிறோம். அவர் கட்டுரை ஜெர்மன் மொழிக்குப் போனபோது, இது புதிய ஊட்டப்பொருள் என்ற முக்கியமான சேதி விடுபட்டுப்போயிற்று. 1912-இல் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்ற சொல்லை உண்டாக்க, புகழ் அவருக்குப் போனது.

இந்தத் தவிட்டின் கதை நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமானது. 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வடக்கே, தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. மெக்கரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டின் காலத்தில் இது குன்னூரில் விரிவாக ஆராயப்பட்டது. நெல் அவித்த நம் பாட்டிமார் ஒருவரின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. தவிட்டைப் பிரித்த சுஸுகியின் பெயர் இருக்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. அவர் உழைத்த உழைப்புக்கு அது தகும்.

உமெதாரோவின் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு பெயரும் இந்த மலைக்கு வேண்டியது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் அழிந்தபின், மிச்சியோ சுஜிமுரா என்ற பெண் ரிக்கென் நிறுவனத்தில் அவருடைய குழுவில் சேர்ந்தார். அதற்கு முன் சம்பளமில்லாத உதவியாளராக வேலை பார்த்தவர். பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதை 1924-இல் சக ஆய்வாளர் மியூராவோடு சேர்ந்து கண்டார். 1929-இல் அதிலிருந்து கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். 1932-இல் வேளாண் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் ஆனார். கூடலூர் மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரலைக் கறுப்பாக்குகிற தேயிலைச் சாறு கேட்டச்சின் வகைப் பொருள்கள் நிறைந்தது. காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். சோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. மாலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில் அதைப் பார்க்கலாம். ஆள்காட்டி விரல் ஓரத்திலும் கட்டைவிரல் நகத்தடியிலும் கோடுகோடாக இருக்கும்.

அந்தக் கைகளின் ஊருக்கும் உமெதாரோவின் ஊருக்கும் உள்ள ஒற்றுமையைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. மகினோஹாரா மேட்டுநிலம் இன்று ஜப்பானின் மிகப் பெரிய தேயிலைப் பரப்புகளில் ஒன்று. அது பழைய தோட்டமில்லை. 1868-இல் தோக்குகாவா ஆட்சி விழுந்ததும், அவர்களுடைய சாமுராய்கள் பிழைப்பற்றுப் போனார்கள். அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், சூஜோ காகேஆகி என்பவர் தலைமையில், 1869-இல் தரிசாகக் கிடந்த அந்த மேட்டுக்குப் போய் வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தன. அடுத்து ஓயி ஆற்றுக் கூலிகள் வந்தார்கள். அந்த ஆற்றில் பாலம் கட்டத் தடை இருந்ததால், பயணிகளைத் தோளில் சுமந்து அக்கரை சேர்ப்பதே அவர்களுடைய பரம்பரைத் தொழில். 1870-இல் அந்த ஏற்பாடு ஒழிக்கப்பட, வேலையற்றவர்களில் ஒரு பகுதியினர் அதே மேட்டில் தேயிலை நட்டார்கள். வீட்டை இழந்தவர்களும் தொழிலை இழந்தவர்களும் உண்டாக்கிய பச்சை அது.

சரியாக 99 ஆண்டு தள்ளி, 1968-இல், தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகி, டான்டீ என்று அழைக்கப்பட்டது. நட்டவர்கள் யார்? 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஒரே அடியில் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தமிழர்கள். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று, 3,00,000 பேர் அங்கே. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களை இப்படிப் பங்கு வைத்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, அதில் ஒரு பெயர்கூட இல்லை என்பது மனத்தை அறுக்கிறது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு ரயில், பிறகு லாரி. கூடலூர், பந்தலூர் காடுகளில் இறங்கியவர்கள் குழி வெட்டினார்கள், நாற்று நட்டார்கள். தேவர்சோலைப் பக்கத்துத் தனியார் தோட்டங்களிலும் அவர்கள் வேலைக்குப் போனார்கள். கிடைத்த துண்டு நிலத்தில் குடிசை போட்டார்கள்.

சூஜோவுக்கு ஷிசுவோகாவில் சிலை இருக்கிறது. கூடலூர்த் தேயிலையை நட்டவர்களுக்குச் சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பெயர்கள் வேண்டும். அங்கேதான் இனிஷியல் குறுக்கே நிற்கிறது.

தோட்டத்தில் பெயர் என்பது விடிகாலைப் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடுவது. அன்றைய வேலைக்குக் கணக்கும் அதுவே. கொழுந்தின் எடை குறைந்தால் பாதிக் கூலிக்கு 'அரைப்பேர்' போட்டுவிடுவார்கள். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஒரு வரிக்குள் அடங்கும் பெயருக்கு முன்னால் ஊர் எழுத இடமில்லை. துறையூர், முசிறி, நாமக்கல், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் போனவர்களின் ஊர் முதல் தலைமுறையிலேயே ஏட்டிலிருந்து விழுந்துவிட்டது. தகப்பன் பெயர் மட்டும் தொற்றிக்கொண்டது. அந்த மக்களிலிருந்து உலகமே அறிந்த ஒருவர் வந்தார். 1920-இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர் பெரியசாமி சின்னசாமி. அவர் மகன் சின்னசாமி முத்தையா. பேரன் முத்தையா முரளிதரன், டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட். மூன்று தலைமுறை, மூன்று 'குடும்பப் பெயர்'. ஒரு பெயர் முன்னால் வர, பழையது கழல்கிறது. சின்னசாமி பிற்காலத்தில் மகள்களோடு திருச்சிக்குத் திரும்பிவிட்டார். மகன்கள் கண்டியில் தங்கினார்கள். புகழ்பெற்றவர் என்பதால் இந்தச் சங்கிலி நமக்குத் தெரிகிறது. தேவர்சோலையில் இதே சங்கிலிகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன, ஆனால் வாயில் மட்டும்.

கடைவீதியில் நான் அடிக்கடி பேசும் ஓர் அம்மா இருக்கிறார். நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டியில் இந்திய அலுவலகம் கொடுத்த பழைய தாளில் அவர் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. இங்கே வந்து கல்யாணமானபின் எடுத்த ரேஷன் கார்டில் கணவர் பெயரின் எழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட, பென்ஷன் மனுவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டியிருந்தது. "ரெண்டு எழுத்தும் நான்தான் தம்பி. ஒண்ணு பெத்தவரு, ஒண்ணு கட்டினவரு. எங்கம்மா எழுத்து எந்தக் காகிதத்துலயும் இல்ல" என்றார். ஜப்பானிலும் இதே கணக்குத்தான். 1898-இன் சிவில் சட்டம் வீட்டுக்கு ஒரே பெயர் என்றது. 1947-இல் திருத்தியபின் கணவன் பெயரோ மனைவி பெயரோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இணைகள் கணவன் பெயரையே எடுக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இப்படியே போனால் 2531-ஆம் ஆண்டில் எல்லா ஜப்பானியரும் சாத்தோ ஆகிவிடுவார்கள் என்று தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி யோஷிதா 2024-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். சட்டத்தை மாற்றச் சொல்லிப் போராடுகிறவர்களின் பக்கம் நின்று போட்ட கணக்கு அது. தமிழ்நாட்டில் தாயின் எழுத்தையும் இனிஷியலாகப் போடலாம். அந்த அம்மாவின் காலத்தில் அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் அவரிடம், "உங்க அப்பாவோட அப்பா எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். தாத்தா பெயரைத் தயங்காமல் சொன்னார். அவருடைய தகப்பன் பெயரையும் சொன்னார். கங்காணி பெயர் சொன்னார். தாத்தா மன்னாரிலிருந்து கண்டிவரை காட்டுப் பாதையில் நடந்தபோது வழியில் கழிச்சல் கண்டு செத்துப்போன தம்பியின் பெயரையும் சொன்னார். ஊர் மட்டும், "துறையூருக்கு அங்கிட்டு, ஒரு மலையடிவாரம்" என்றார். நான்கு தலைமுறை ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. எந்த ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டுக்கும் இது குறைந்ததில்லை என்றே சொல்வேன். எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

குடும்பப் பெயர் நமக்கு வேண்டாம். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் எது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இனிஷியலைப் பிரித்து எழுதலாம். டிவிஎஸ் என்பதைப் பிரித்தால் திருக்குறுங்குடி கிடைக்கிற மாதிரி, இந்த மலையில் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்தால் ஓர் ஊரும் ஒரு தகப்பனும் கிடைப்பார்கள். பக்கத்தில் தாய்க்கும் ஓர் இடம் வேண்டும். எந்தத் தோட்டத்தில் பிறந்தவர், எந்த ஆண்டு கப்பலேறினார், இங்கே எந்தச் சரிவில் குழி வெட்டினார், எந்த நம்பர் காட்டில் நாற்று நட்டார் என்று எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே செய்யலாம். தங்கள் பாட்டியிடம் கேட்டு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும். கூடலூரிலும் பந்தலூரிலும் அப்படி ஒரு வருடம் எழுதினால், எந்தக் கலைக்களஞ்சியத்தின் சுஸுகிப் பட்டியலையும்விடப் பெரிய ஏடு ஒன்று கிடைக்கும். அதில் ஒரே பெயருள்ளவர்கள் வரிசையாக வர மாட்டார்கள். ஒரே வேலையைச் செய்தவர்கள் வருவார்கள்.

இதற்கு அதிக நாள் இல்லை. 1970-இல் இருபது வயதில் வந்திறங்கியவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. கோடுபோட்ட ஒரு பெரிய நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரை அவர் சொன்ன நான்கு தலைமுறையோடும், அவருடைய தாயின் பெயரோடும் முழுதாக எழுதியிருக்கிறேன். ஊர் என்ற இடத்தில் இப்போதைக்குத் துறையூர் வட்டம் என்று மட்டும் இருக்கிறது. கிராமத்தின் பெயர் தன் தம்பிக்குத் தெரியும் என்கிறார். தம்பி கொளப்பள்ளியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பாராம். போய்க் கேட்க வேண்டும்.